ஜன்னல் பக்கம் விழுந்த நிழல்

அத்தியாயம் 9

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊரில் ஒரு செய்தி பரவ இன்டர்நெட் வேண்டியதில்லை. இந்தியன் க்ரோசரியில் கறிவேப்பிலை வைக்கிற ஃப்ரிட்ஜ் பக்கம் இரண்டு பேர் ஒதுங்கினால் போதும். நஞ்சப்பன் விஷயம் அங்கேதான் முளைத்தது. கடலோரக் கால்வெஸ்டன் மியூசியத்தில் பழைய ஓவியங்களைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கச் சொன்னார்களாம், மனுஷன் அசலை விற்றுவிட்டுப் போலியை ஒட்டிவிட்டாராம். அடுத்த வாரமே செய்தியோடு கோயம்புத்தூரில் ஒரு பங்களா சேர்ந்துகொண்டது. அதற்கும் அடுத்த வாரம் பங்களாவுக்கு ஒரு நீச்சல் குளம். "தப்பு பண்ணாதவர்னா ஏன் பொங்கல் பாட்லக் விருந்துக்கு வரலை?" என்று கேட்டவர்கள், அவரை யாரும் கூப்பிடவில்லை என்பதை மட்டும் சௌகரியமாக விழுங்கிவிட்டார்கள்.

அந்தச் செய்திக்குள் நீச்சல் குளத்தைத் தோண்டியது கிட்டுசாமிதான் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் மறுக்கவில்லை. இப்போது அதே நஞ்சப்பனைப் பின் சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்காமலே கால்வெஸ்டனுக்குக் காரோட்டிக்கொண்டு போனார்.

எல்லாம் ஹம்சாவால் வந்த வினை. கிட்டுசாமியின் ஆயில் கம்பெனி வேலை போன பிறகு, "வீட்டுக்குள்ள ஃபேன் மாதிரி சுத்தாதீங்க" என்று மனைவி கையெடுத்துக் கும்பிட, அடுத்த தெருவில் பிரைவேட் டிடெக்டிவ் லைசென்ஸ் வைத்திருந்த ஹம்சாவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஹம்சாவிடம் துப்பாக்கி கிடையாது. எரியாத வீட்டை எரிந்துபோனதாகச் சொன்னவர்களை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பார்த்துப் பழகிய ஒரு ஜோடிக் கண் உண்டு. அது போதும், பாவம், கேட்டி தாங்காது.

"கிட்டு, கேஸ் புரிஞ்சுதா இல்லையா?" என்றாள் ஹம்சா.

"பாதி புரிஞ்சுது மேடம். புரியாத பாதியை நீங்க சொல்லுங்க."

"நூறு வருஷத்துக்கு மேலான பில்டிங். நடு ஹால்ல நாலு பக்கமும் நாலு வளைவு. அந்த வளைவுக்குன்னே அளவெடுத்து அந்தக் காலத்துல நாலு அரைவட்டப் படம் துணியில வரைஞ்சு ஒட்டியிருக்காங்க. காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி. நாலும் நாலு பொண்ணுங்க."

"ராத்திரிப் பொண்ணு தூங்கிட்டிருப்பாளா?"

"விளக்கு வச்சிருக்கா. குறுக்க பேசாதீங்க. அப்புறம் ஏசி போட்டப்ப ஃபால்ஸ் சீலிங் அடிச்சு எல்லாத்தையும் மூடிட்டாங்க. புயல்ல அந்த சீலிங் விழுந்தப்பதான் மேல படம் இருக்கறதே இப்ப இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுது. இறக்கினது நஞ்சப்பன் சார். சுத்தம் பண்ணித் திரும்ப ஒட்டினதும் அவர். நடுவுல ஒரு வருஷம் படமெல்லாம் குடோன்ல. இப்ப ரெண்டு படம் போலின்னு எக்ஸ்பர்ட் சொல்றார்."

"பழைய போட்டோ?"

"அழுக்கையும் கிழிசலையும் க்ளோஸ்-அப்ல எடுத்து வச்சிருக்காங்க. மொத்த ஹாலும் தெரியற மாதிரி ஒண்ணுகூட இல்ல. இன்னிக்கு ரெண்டு மணிக்கு அந்த ரெண்டு படத்தையும் சுவத்துலேர்ந்து பிடுங்கப் போறாங்க. பிடுங்கிட்டு போலீஸ் கம்ப்ளெய்ன்ட்."

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "தம்பி, எந்த எக்ஸிட்டுல எறங்கோணும்?"

நஞ்சப்பன்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் கீற்றாக விபூதி, மடியில் இரண்டு கையும் கோத்து வைத்திருந்தார்.

"கடல் தெரியற வரைக்கும் நேருதானுங்ணா. கடல் வந்தும் நிக்காமப் போனா மெக்ஸிகோ."

நஞ்சப்பன் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி வசந்தாமணி சிரிக்கவில்லை. கேஸை ஹம்சாவிடம் கொண்டுவந்தவள் அவள்தான். ஃபீஸ் என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே, "இவரு பேரு மட்டும் கெட்டுப்போகக் கூடாதுங்க" என்று சொன்னவள்.

"இவரா திருடுவாரு?" என்றாள் இப்போது. "எந்தச் சட்டை போடறதுன்னே என்னைக் கேக்கற மனுசன். அந்தப் படத்தை ஒட்டற அன்னிக்குச் சாரத்து மேல நின்னுட்டு எனக்குப் போன் பண்றாருங்க. 'வசந்தா, நாலு படம் இருக்குது, எந்தப் பக்கமாச் சுத்தி ஒட்டறது'ங்கறாரு. வெளையாடறாருன்னு நெனச்சேன். 'கோயில்ல எப்படிச் சுத்துவீங்களோ அப்படியே வலமாச் சுத்தி ஒட்டுங்க, புண்ணியமாப் போகும்'னேன்."

"ஆஹா, அப்ப இன்ஜினியர் நீங்க, லேபர்தான் அண்ணன்" என்றார் கிட்டுசாமி.

லீக் சிட்டி தாண்டியதும் நஞ்சப்பன் மறுபடி கேட்டார். "தம்பி, எந்த எக்ஸிட்டு?"

பாலம் ஏறும்போது மூன்றாவது தடவை.

"அண்ணா, நீங்க கேக்கறதப் பாத்தா எனக்குத்தான் வழி தெரியலையோன்னு இருக்குது."

"அவருக்கு ஜிபிஎஸ்ஸு மேல நம்பிக்கை இல்லீங்க" என்றாள் வசந்தாமணி, கொஞ்சம் வேகமாகவே.

ஹம்சா தன் தலைக்கு மேல் மடித்திருந்த சின்னக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். உதட்டுச்சாயம் சரிபார்க்க என்று நினைத்தார் கிட்டுசாமி. ஹம்சா உதட்டுச்சாயம் போடுகிறவள் இல்லை, பார்த்தது பின் சீட்டை என்பது பாலம் இறங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

*

மியூசியம், கல்யாணத்துக்குப் போகிற பணக்காரப் பெண்மணி மாதிரி ஒரு இடம் விடாமல் நகை போட்டுக்கொண்டு நின்றது. தூணில் இலை, கதவில் பூ, கூரையில் மரச்சட்டம், சட்டத்துக்குள் இன்னொரு சட்டம். நடு ஹாலில் ஓர் இரும்புப் படிக்கட்டு வளைந்து மேல் மாடத்துக்கு ஏறியது. வாசலுக்கு நேர் எதிரே மூன்று ஆள் உயரம் இருக்கும் ஒரே ஒரு ஜன்னல். வெயில் பட்டால் வண்ணம் வெளுக்கும் என்று அதைக் கறுப்புத் துணியால் மூடிவைத்திருந்தார்கள். வெளிச்சமெல்லாம் பல்புதான்.

டைரக்டர் மிஸஸ் விட்லாக் கை குலுக்கினாள். மரியாதையாகத்தான். ஆனால் நஞ்சப்பனுக்கு மட்டும் கையை நீட்டவில்லை. அவர் நீட்டின கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு அதால் தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். வசந்தாமணி அவரை ஜன்னலடிப் பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

வேலையாட்கள் இரண்டு பேர் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். தரையில் நீளக் கத்திகள் வரிசையாகக் கிடந்தன.

"அங்கே பாருங்கள், வலது சுவர்" என்றாள் மிஸஸ் விட்லாக். வாசலிலிருந்து பார்த்தால் வலது பக்க வளைவில் 'மத்தியானம்' இருந்தது. குடை பிடித்த பெண். "வளைவுக்கென்றே வரைந்த படம் அது. ஆனால் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் குறைகிறது. அங்கே புது ப்ளாஸ்டரைப் பூசி மறைத்திருக்கிறார். எதிர்ச் சுவரில் 'ராத்திரி'. அது வளைவுக்குள் அடங்காமல் இடிக்கிறது. போலி செய்தவனுக்கு அளவு தெரியவில்லை."

"இவ்வளவு நல்லா வரையத் தெரிஞ்சவனுக்கு அளவெடுக்கத் தெரியாதா?" என்றாள் ஹம்சா.

"அவரிடமே கேட்டேன். இது உங்கள் கைவேலைதானே என்றேன். சிரித்துக்கொண்டே, 'இதை நான் பார்த்ததே இல்லையே' என்றார். அசல் எங்கே என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறார். அந்தத் தைரியம் திருடனுக்குத்தான் வரும்."

"பிடுங்கினா கிழிஞ்சுடாதா?"

"கிழியும். போலிதானே."

ஹம்சா படிக்கட்டைக் காட்டினாள். "கிட்டு, மேல போய்க் கிட்டத்துலேர்ந்து பாருங்க."

"முழங்கால் வலிக்குது மேடம்."

"அதுக்கும் சேர்த்துதான் சம்பளம்."

"சம்பளமா? எப்ப?" என்று முனகிக்கொண்டே கிட்டுசாமி ஏறினார். படிக்கட்டு இடது பக்கமாகச் சுழன்று ஏறியது. ஏற ஏற ஒவ்வொரு சுவராக அவர் முகத்துக்கு நேரே வந்தது. வாய் சும்மா இருக்குமா? மேலேயிருந்து கத்தினார்.

"மேடம், இது நான் ஒடெஸ்ஸா எண்ணெய்க் கிணத்துல நைட் ஷிஃப்ட் பாத்தப்ப இருந்த பொழப்பு மாதிரியே இருக்குது! மொதல்ல காலை. வந்து படுத்தா உடனே ராத்திரி. எந்திரிச்சா சாயங்காலம். எல்லாம் முடிஞ்சு கடைசியா மத்தியானச் சாப்பாடு!"

ஹம்சா சட்டென்று நிமிர்ந்தாள். "திரும்பச் சொல்லுங்க."

"நைட் ஷிஃப்ட்..."

"அது இல்ல. வரிசையைச் சொல்லுங்க."

"காலை, ராத்திரி, சாயங்காலம், மத்தியானம்."

ஹம்சா படிக்கட்டின் அடிக்கு வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். கிட்டுசாமிக்கு அந்த முகம் பழக்கம். எரியாத வீட்டைப் பார்த்த முகம். ஆனால் எப்போதும் கூட வருகிற சின்னச் சிரிப்பு இன்றைக்கு வரவில்லை.

"கிட்டு, நீங்க நிக்கற இடத்துக்குப் பக்கத்துல ராத்திரி இருக்கா? அதோட ஓரத்துல மரச்சட்டத்துக்குப் பின்னாடி லைட் அடிங்க. படம் எங்க முடியுது?"

கிட்டுசாமி போனில் வெளிச்சம் போட்டு, ஒரு கண்ணை மூடி, சட்டத்தின் இடுக்கில் பார்த்தார். "முடியலைங்க மேடம். சட்டத்துக்குப் பின்னாடியும் போகுது. உள்ள சொருகி வச்சிருக்காங்க."

"எவ்வளவு?"

"ரெண்டு விரல்."

மிஸஸ் விட்லாக்கின் புருவம் உயர்ந்தது. ஹம்சா அவளிடம் திரும்பினாள். "அந்தக் கறுப்புத் துணியை ஒரு நிமிஷம் விலக்க முடியுமா? பல்பையும் அணைச்சுடுங்க."

துணி விலகியது. கால்வெஸ்டன் வெயில் ஹாலுக்குள் சரிந்து விழுந்தது. நஞ்சப்பன் பெஞ்சில் முகத்தை வெயிலுக்குத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப மத்தியானத்தைப் பாருங்க" என்றாள் ஹம்சா. "குடை பிடிச்ச பொண்ணோட நிழல் எந்தப் பக்கம் விழுது?"

நிழல் ஜன்னலைப் பார்த்து விழுந்திருந்தது. தூணின் நிழலெல்லாம் ஜன்னலை விட்டு விலகி ஓட, குடைக்காரியின் நிழல் மட்டும் வெயிலை நோக்கியே நடந்துகொண்டிருந்தது.

"ராத்திரியும் அப்படித்தான். ஜன்னல்லேர்ந்து நிலா வெளிச்சம் வரணும். எதிர்ப் பக்கத்துலேர்ந்து வருது. இந்த ரூமுக்குன்னே வரைஞ்சவர் இந்த ஜன்னலைப் பார்த்துதான் வரைஞ்சிருப்பார். ரெண்டு படத்தையும் மனசுக்குள்ள இடம் மாத்திப் பாருங்க. நிழல் சரியாப் போயிடும். ஒரு பக்கம் குறையற ரெண்டு விரல், இன்னொரு பக்கம் மிச்சமிருக்கு. படியேறினா காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரின்னு ஒழுங்கா வரும். மிஸஸ் விட்லாக், உங்ககிட்ட போலியே இல்ல. நாலும் அசல். ரெண்டு மட்டும் சுவர் மாறியிருக்கு."

கத்தி வைத்திருந்தவன் கத்தியைத் தானாகவே கீழே வைத்தான்.

கேஸ் முடிந்தது என்று கிட்டுசாமி மேலே நின்று ஒரு விசில் அடிக்கத் தயாரானார். மிஸஸ் விட்லாக் அடிக்க விடவில்லை.

"சரி. ஆனால் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். இறக்கும்போது ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தன் கையாலேயே அடையாளம் போட்டார், நான் பார்த்தேன். அவர் எப்படிச் சுவர் மாற்றி ஒட்டுவார்? அதைவிட, தான் ஒட்டிய படத்தையே பார்த்ததில்லை என்று ஏன் பொய் சொன்னார்?"

ஹம்சா வசந்தாமணியைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தது போதுமாக இருந்தது.

"சொல்லிராதீங்க" என்றாள் வசந்தாமணி. தமிழில், மெதுவாக. "மறந்துட்டாருன்னு மட்டும் சொல்லிராதீங்க."

மேலே மாடத்தில் கிட்டுசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டார். எந்த எக்ஸிட்டு, தம்பி? எந்த எக்ஸிட்டு?

"எவ்வளவு நாளாச்சு?" என்றாள் ஹம்சா.

"ஒன்றரை வருசமாச்சுங்க. குடோனுக்குப் படம் போனப்ப நல்லாத்தான் இருந்தாரு. திரும்பி வர்றப்ப பாதி ஆளு. டாக்டர் ஒரு பேரு சொன்னாரு, அதை நான் வீட்டுல சொல்றதில்ல. கடைசி வேலையை முடிச்சுட்டாருன்னா கௌரவமா ரிட்டையர் ஆயிட்டாருன்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன். தெனமும் நானே டிரைவ் பண்ணிக் கொண்டாந்து விட்டேன்."

"அப்பவே சொல்லியிருந்தா இந்தத் திருட்டுப் பட்டமே வந்திருக்காதே அக்கா."

"திருடன்னா பொறாமைப்படறாங்க. கோயமுத்தூர்ல பங்களாங்கறாங்க. நீச்சல் குளம்கூட இருக்குதாமா." அவள் நிமிர்ந்துதான் நின்றாள். "மறதின்னா ஐயோ பாவம்பாங்க. இவரு பாவமா? சொல்லுங்க, இவரா பாவம்?"

நீச்சல் குளம் என்ற சொல் ஹாலில் எதிரொலித்து மாடத்துக்கு ஏறி வந்தது. கிட்டுசாமி இரும்புப் படியைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். பாதியில் இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்.

"ஆனா சுவர்..." என்று ஆரம்பித்த வசந்தாமணி அப்படியே நிறுத்தினாள். அவள் கண் ஜன்னலுக்கு மேலே இருந்த 'காலை'யிலிருந்து வலது பக்கமாகத் திரும்பியது. மத்தியானம். வாசல் மேலே சாயங்காலம். அப்புறம் ராத்திரி. சாமி சுற்றுகிறவள் மாதிரி தன் இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி முடித்தாள். கை வாய்க்குப் போயிற்று.

"படிக்கட்டு இடமாச் சுத்துது. நான் வலமாச் சுத்தி ஒட்டுங்கன்னு..."

"அக்கா" என்றாள் ஹம்சா. அந்த விடை காரில் வரும்போதே அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. இந்தப் பெண்மணிக்குத் தெரியாமலே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அவரு வெளையாடலைங்க. நெசமாவே தெரியாமத்தான் கேட்டிருக்காரு. நான் சிரிச்சுட்டுப் போனை வச்சுட்டேன்."

"அவர் வேற யாரையும் கேக்கல. உங்களைக் கேட்டார். அவ்வளவுதான்."

வசந்தாமணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு யாரும் எதிர்பாராதபடி நேராக மிஸஸ் விட்லாக்கிடம் நடந்தாள். ஹம்சா மொழிபெயர்க்கக் கிட்டே வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"மை ஹஸ்பண்ட் இஸ் நாட் எ தீஃப்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஹி இஸ் ஃபர்கெட்டிங். எவ்ரிதிங் ஹி இஸ் ஃபர்கெட்டிங்."

மிஸஸ் விட்லாக் நாலு படங்களையும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வேலையாட்களைப் பார்த்து, "அந்தக் கத்திகளை வண்டியில் வையுங்கள்" என்றாள். ஜன்னலடிக்குப் போனாள். நஞ்சப்பனுக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள். வந்ததும் தான் நீட்டிய கை வெறுமனே திரும்பியதை அவர் எப்போதோ மறந்திருந்தார். சந்தோஷமாகக் குலுக்கினார்.

குலுக்கிய கையோடு எழுந்து வெயிலுக்குள் நடந்தார். வலது சுவருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அதுவரை தளர்ந்திருந்த தோள் அங்கே நிமிர்ந்ததைக் கிட்டுசாமி படிக்கட்டிலிருந்து பார்த்தார். கண் சுருங்கியது. விரல்கள் காற்றில் எதையோ அளந்தன.

"எவன் ஒட்டினான் இதை?" என்றார் நஞ்சப்பன். குரலில் பழைய அதட்டல். "ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குது, நிழல் எந்தப் பக்கம் போகுது, அதுகூடப் பாக்க மாட்டானா? கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்தானா?"



அவர் எதிர்ச் சுவருக்குப் போனார். ராத்திரியின் ஓரத்தையும் மரச்சட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"ஆனா வெட்டலை பாரு. இடம் பத்தலைன்னதும் சட்டத்தைத் தளத்தி உள்ள சொருகியிருக்கறான். வேற எவனா இருந்தாலும் ரெண்டு விரலை அறுத்துப் போட்டிருப்பான். கை நல்ல கைதான். புத்திதான் எங்கியோ போயிருச்சு." மனைவியிடம் திரும்பினார். "யாரு வசந்தா, உனக்குத் தெரியுமா?"

வசந்தாமணி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"நாந்தானுங்க" என்றாள்.

"நீயா?" நஞ்சப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வந்தது. "அட, உனக்கெதுக்குடி இந்த வேலையெல்லாம்? சேரி, உடு. அழுவாத. நாளைக்கு வந்து நானே மாத்திக் குடுத்தர்றேன்."

"சேரிங்க."

"யாருகிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

*

திரும்பும்போது பாலத்தின் மேல் கடல் இரண்டு பக்கமும் பளபளத்தது. ஹம்சா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். இரண்டு படத்தையும் வேறு ஆள் வைத்துப் பத்திரமாக இடம் மாற்றப்போவதாகவும், சாரம் கட்டும் அன்றைக்கு நஞ்சப்பனையும் அழைத்துவரும்படியும் மிஸஸ் விட்லாக் சொல்லியிருந்தாள். பின் சீட்டில் வசந்தாமணியின் கை அவர் கை மேல் இருந்தது.

நாளைக்குக் கறிவேப்பிலை ஃப்ரிட்ஜ் பக்கம் என்ன பேசுவார்கள் என்று கிட்டுசாமிக்குத் தெரியும். அங்கே முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும் என்றும், நீச்சல் குளத்தைத் தோண்டின வாயாலேயே மூடிவிட்டு வர வேண்டும் என்றும் யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

"தம்பி, எந்த எக்ஸிட்டுல எறங்கோணும்?"

கிட்டுசாமிக்கு நாக்கில் ஒரு ஜோக்கும் வரவில்லை.

"கடல் பின்னாடி போயிருச்சுங்ணா. இனி நேராப் போனா நம்ம வீடுதான்."

"ஓஹோ. சேரி, சேரி."

லீக் சிட்டி வந்தது. நஞ்சப்பன் முன்னால் குனிந்து கேட்டார். ஹூஸ்டனுக்குள் நுழையும்போது கேட்டார். கேட்டி போர்டு தெரிந்த பிறகும் கேட்டார். கிட்டுசாமி ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, முதல் தடவை சொல்கிறவர் மாதிரியே அதே பதிலைச் சொன்னார்.